உஷார்! சனிக்கிழமை விடியற்காலையில் மாதாப்பூரில் வேன் ஏறுகிறவர்களுக்கு

இந்த வாரக் கடைசியில் மலைக்குப் போகப் பணம் கட்டிவிட்டீர்களா? வேனின் எண் என்ன? ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா? மழை வலுத்தால் ‘வேண்டாம், திரும்பிவிடலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்த மூன்று கேள்விக்கும் உங்களிடம் பதில் இல்லையென்றால் தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள்.

ஹைதராபாத் மாதாப்பூரில் அய்யப்பா சொசைட்டி, ஹைடெக் சிட்டி பக்கம் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களில் மழைக்காலம் பிறந்ததும் வண்ணப் படங்கள் வரத் தொடங்கிவிடும். பதினைந்து பேர் மட்டும், ஒரே நாள், டெம்போ டிராவலர், காலை டிபன், கூடவே கைடு, முன்பணம் ஜிபேயில். கூடும் இடம் மெட்ரோ நிலைய வாசல். அருவிப் படம் பெரிதாக இருக்கும். நடத்துகிறவரின் முழுப்பெயரும் முகவரியும் இருக்காது. வெறும் ஒரு கைப்பேசி எண்தான் இருக்கும்.

முதலில் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரி மலை, விகாராபாத் பக்கம், சுமார் 80 கிலோமீட்டர். ஒரு நாளில் நிம்மதியாகப் போய்வரலாம். ஸ்ரீசைலம் போக 200 கிலோமீட்டருக்கும் மேல். முலுகு மாவட்டத்து போகதா அருவிக்கு ஏறக்குறைய 280. அதையும் ‘ஒன் டே டிரிப்’ என்றே விற்கிறார்கள். போகவர 560 கிலோமீட்டரை மணிக்கு 50 என்று ஓட்டினாலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓட்டுநரின் வேலைநேரத்தைச் சட்டம் நாளுக்கு 8 மணி என்று வைத்திருக்கிறது. வேனில் இரண்டாவது ஓட்டுநர் இல்லை என்றால் திரும்பும் வழியில் நீங்கள் பின்சீட்டில் உறங்கும்போது, உறங்கக்கூடாத ஒருவருக்கும் கண் சொருகும்.

அருகில்தானே என்று அனந்தகிரிப் பாதையை லேசாக நினைக்க வேண்டாம். செவெள்ள வழியாகப் போகும் அந்த நெடுஞ்சாலை பழைய ஆலமரங்கள் அடர்ந்த, அகலம் போதாத சாலை. 2025 நவம்பர் 3 காலையில் அங்கே மிர்சாகூடா அருகே ஜல்லி ஏற்றி வந்த டிப்பரும், தாண்டூரிலிருந்து ஹைதராபாத் வந்துகொண்டிருந்த அரசுப் பேருந்தும் மோதிக்கொண்டன. சரிந்த ஜல்லிக்கு அடியில் பயணிகள் புதைந்தார்கள். 19 பேர் இறந்தார்கள். விடியற்காலையில் சுற்றுலா வேன்கள் விரைவது அதே சாலையில்தான்.

சமவெளியில் நன்றாக ஓட்டுகிற எல்லோருக்கும் மலைப்பாதை கைவராது. 2021 பிப்ரவரி 12 அன்று, ஹைதராபாத் ஷேக்பேட்டையிலிருந்து அரக்கு போன குழுவின் பேருந்து, திரும்பும் வழியில் டமுக்கு அருகே வளைவில் பள்ளத்தில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே, ஊட்டி பார்த்துவிட்டுத் தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து உருண்டது. ஒன்பது உயிர் போனது. இரண்டுமே இறங்கும்போது நடந்தவை. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அதன் பிடிப்பு போய்விடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். அதைப் பழகாதவர் கையில் உங்களை ஒப்படைக்காதீர்கள். ‘காட் ரோடு ஓட்டியிருக்கிறீர்களா அண்ணா?’ என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கூட்டத்தைத் திணிப்பதையும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். 2018 செப்டம்பர் 11 அன்று கொண்டகட்டு மலைப்பாதையில் கவிழ்ந்த அரசுப் பேருந்தில் இருக்கைகளைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். 60 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சாலையைவிட எனக்குப் பயம் தருவது தண்ணீர். 2023 ஜூலை 26 அன்று முலுகு மாவட்டம் வீரபத்ரவரம் காட்டிலுள்ள முத்யாலதாரா அருவிக்குப் போன சுமார் 80 பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். போகும்போது நடந்து கடந்த ஓடை, திரும்பும்போது பெருக்கெடுத்து வழியை அடைத்துவிட்டது. கொட்டும் மழையில், இருட்டுக் காட்டில் இரவைக் கழித்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை போய் அவர்களை வெளியே கொண்டுவந்தது. அன்று எல்லோரும் பிழைத்தது பெரிய பாக்கியம். மாநிலம் முழுக்கக் கனமழை என்று வானிலை மையம் முன்பே எச்சரித்திருந்த நாட்கள் அவை. அருவியின் அடியில் வெயில் காயலாம். மேலே மலையில் பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்து அங்கே வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ படமெடுப்பதை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

ஹைதராபாத் மறக்கக் கூடாத ஒரு நாள் 2014 ஜூன் 8. பாச்சுப்பள்ளியின் வி.என்.ஆர். விஞ்ஞான ஜோதி பொறியியல் கல்லூரி மாணவர்கள் இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போயிருந்தார்கள். மணாலி போகிற வழியில் தலோட் என்ற இடத்தில் இறங்கி, பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படமெடுத்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்களும், சுற்றுலாவைக் கூட்டிப்போனவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். இழப்பீட்டில் பெரும்பங்கை அணையை நடத்திய மின்வாரியத்தின் மேல் வைத்த இமாசல் உயர் நீதிமன்றம், கூட்டிப்போன கல்லூரியின் மேலும் ஒரு பங்கை வைத்தது. கூட்டிப்போகிறவருக்குப் பொறுப்பு உண்டு. ‘என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் அவருடைய அலட்சியம் கழுவப்பட்டுவிடாது.

நம் தமிழ்நாட்டுக் குரங்கணியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2018 மார்ச் 11. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து வந்த குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குழுவும் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். மாதாப்பூரில் இன்று இருப்பவர்களைப் போலவே, வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு இரண்டு நாள் காற்று வாங்கப் போன இளம்பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அனுமதி வாங்கியது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது கொழுக்குமலைப் பாதைக்கு. அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வனத்துறையே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் திறந்தது. தீ பிடிக்கும் கோடையில் அந்தப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அரசே மூடுகிற காலத்தில் ஒரு தனியாள் ‘எனக்கு உள்ளே ஆள் தெரியும்’ என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியமே நீங்கள் போகாமல் இருக்கப் போதும்.

முத்யாலதாராவிலும் பியாஸ் கரையிலும் குரங்கணியிலும் ஒரு கட்டத்தில் யாராவது ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சிறு குழுக்களில் அதைச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை. கூடவே வருகிற ‘கைடு’ பெரும்பாலும் வழி தெரிந்த, படமெடுக்கத் தெரிந்த ஓர் இளைஞர். பயணத்தை ரத்துசெய்தால் முதலாளிக்கு நஷ்டம். பணம் திரும்பக் கிடையாது என்பதால் உங்களுக்கும் திரும்ப மனம் வராது. இந்த இரண்டு மனமும் சேர்ந்துதான் பதினைந்து பேரை ஓடைக்குள் இறக்குகின்றன. ஆகவே மழை எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘கிடைக்கும்’ என்று எழுதித் தருகிறவர், திரும்பிவரவும் தயாராக இருக்கிறவர்.

வண்டி எண்ணை முந்தின நாளே வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். தகுதிச் சான்றும் காப்பீடும் காலாவதியாகிவிட்டனவா என்று அதில் தெரியும். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடுவது. இந்த இரண்டிலும் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். அனந்தகிரிப் பக்கம் ஏரியில் படகு உண்டு என்று சொன்னால், மிதவைச் சட்டை தராத படகில் ஏறவே ஏறாதீர்கள். 2025 ஜூனில் விகாராபாத் அருகே சர்பன்பள்ளி நீர்த்தேக்கத்தில் படகு கவிழ்ந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

ஸ்ரீசைலம் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அம்ராபாத் புலிகள் காப்பகச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். கதவு மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓட்டுநர் விரட்டுவார். நல்லமலைக் காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி சிக்னலும் கிடையாது. திரும்பும்போது மாலை நான்கு மணிக்கே கிளம்பச் சொல்லி வற்புறுத்துங்கள். குழுவில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வண்டி எண், ஓட்டுநர் எண், நடத்துகிறவர் பெயர், திரும்பும் நேரம் இவை நான்கையும் ஊரில் அம்மாவுக்கும் விடுதியில் ஒருவருக்கும் கிளம்புமுன் அனுப்பிவிடுங்கள். வழியில் ஓட்டுநர் கொட்டாவி விடுவதைப் பார்த்தால் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் 112-க்குப் போன் போடுங்கள்.