பேரக் குழந்தைகளோடு ஒரு மார்கழி

விசுவாவசு ஆண்டின் மார்கழி மாதம், டிசம்பர் 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிறக்கிறது. மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையில் அருளிய பெருமை உடைய மாதம் இது. திருமலையில் நாள்தோறும் ஒலிக்கும் சுப்ரபாதம் இம்மாதம் முழுவதும் ஓய்வு கொள்ள, அதன் இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். ஊர்தோறும் ஆலயங்களில் விடியலுக்கு முன்பே விளக்கேற்றி, வெண்பொங்கல் நிவேதனம் செய்வார்கள்.

இந்த மாதம் பிறக்கும்போது, தாத்தா பாட்டியரின் உள்ளத்தில் ஓர் ஆசையும் பிறக்கும். தாங்கள் சிறு வயதில் பெரியவர்களின் கையைப் பற்றிக்கொண்டு பனியில் நடந்து சென்ற அதே கோயிலுக்குத் தங்கள் பேரக் குழந்தையையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தை உள்ள இல்லங்களில், இந்த ஆசையே சில சமயம் மனத்தாங்கலுக்கும் காரணமாகிவிடுகிறது.

நான்கரை மணிக்குக் குழந்தையை எழுப்பித் தலைக்கு நீர் வார்க்கிறார் பாட்டி. கோயிலில் கைகூப்பி நின்ற குழந்தை வகுப்பறையில் மேசைமீது தலை சாய்த்து உறங்கிவிடுகிறது. இரண்டு நாளில் சளி பிடிக்கிறது. மறுநாள் தேர்வு. “இந்த வருஷம் வேண்டாமே, அம்மா” என்கிறார் மருமகள். பாட்டி மறுமொழி சொல்வதில்லை. ஆனால் அடுத்த நாள் தனியே கோயிலுக்கு நடக்கும்போது, தம்மோடு இந்த வழக்கம் முடிந்துவிடுமோ என்ற எண்ணம் அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. இத்தகைய காட்சி ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதன்று.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே மார்கழி பிறக்குமுன் பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். அவ்வாறு பார்த்தால், இந்த ஆண்டு தெய்வமே இணக்கம் செய்து வைத்திருப்பது புலப்படும்.

இரண்டு நாட்காட்டிகள்

தமிழகத்தில் தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவ முறை 2012-13ஆம் கல்வியாண்டில் வந்தது. பெரியோர் இன்னும் அரையாண்டுத் தேர்வு என்று சொல்லும் தேர்வே குழந்தைகளுக்கு இரண்டாம் பருவத் தேர்வு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இத்தேர்வு டிசம்பர் 23ஆம் தேதி முடிகிறது. 24 முதல் ஜனவரி 4 வரை பன்னிரண்டு நாட்கள் விடுமுறை. ஜனவரி 5, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மற்றப் பாடத்திட்டப் பள்ளிகளில் தேதிகள் வேறுபடலாம் என்பதால், குழந்தையின் பள்ளிக் குறிப்பேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்வது அவசியம்.

இனிப் பஞ்சாங்கம். அனுமன் ஜயந்தி டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை. வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. ஆருத்ரா தரிசனம் ஜனவரி 3, சனிக்கிழமை. கூடாரவல்லி ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. போகி ஜனவரி 14. பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை.

அனுமன் ஜயந்தி ஒன்றே தேர்வுக் காலத்தில் வருகிறது. வைகுண்ட ஏகாதசியும் ஆருத்ரா தரிசனமும் விடுமுறைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. கூடாரவல்லியோ ஞாயிற்றுக்கிழமை. எல்லா ஆண்டுகளும் இப்படி அமைவதில்லை.

தேர்வு முடியும் வரை

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. காலை நான்கரை மணிக்கு எழும் குழந்தை, முந்தைய இரவு ஏழரை மணிக்கே உறங்கியிருந்தால்தான் ஒன்பது மணி நேரம் நிறையும். வீட்டுப் பாடமும் இரவு உணவும் முடிந்து ஏழரைக்குப் படுக்கும் குழந்தை இக்காலத்தில் அரிது. எனவே டிசம்பர் 16 முதல் 23 வரையிலான எட்டு நாட்களில் பெரியோர் மட்டும் விடியற்காலைக் கோயிலுக்குச் செல்வதே முறை.

அதனால் குழந்தைக்கு மார்கழி இல்லாமற்போய்விடாது. கோயிலிலிருந்து கொண்டுவந்த பொங்கலைக் காலைச் சிற்றுண்டியோடு ஒரு கவளம் கொடுக்கலாம். வாசற் கோலத்தின் நடுவே பூசணிப் பூ வைக்கும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படைக்கலாம். அன்றைய பாசுரத்தை மாலையில் விளக்கேற்றும்போது பாட்டி பாட, குழந்தை கேட்டாலே போதும். அனுமன் ஜயந்தியன்று பள்ளி விட்டபின் அருகிலுள்ள ஆஞ்சநேயர் சந்நிதிக்குச் சென்று வரலாம். நாமக்கல்லிலும் சுசீந்திரத்திலும் பதினெட்டு அடி உயரத்தில் நிற்கும் அனுமனைப் பற்றிச் சொன்னால், அத்தனை பெரியவருக்கு எவ்வளவு பெரிய வடைமாலை வேண்டும் என்று குழந்தையே கேட்கும்.

எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு

திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்துப் பாசுரங்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கென்றே அமைந்தவை. நோன்புக்குப் புறப்பட்ட பெண்கள் உறங்குகிறவளை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போய்விடுவதில்லை. வாயிலில் நின்று பறவைகள் கூவுவதைச் சொல்லுகிறார்கள்; கேலி செய்கிறார்கள்; கொஞ்சுகிறார்கள்; அவளும் சேர்ந்து வரும் வரை காத்திருக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்பதாம் பாசுரத்தை முதியோர் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். மணிமாடத்தில் உறங்கும் பெண்ணை எழுப்ப வந்தவர்கள், தாங்களாக உள்ளே புகுந்து அவளை உலுக்கவில்லை. அவளுடைய தாயை மாமி என்று அழைத்து, அவளை எழுப்பித் தருமாறு வேண்டுகிறார்கள். குழந்தையின் தாயிடம் கேட்டு, அவள் இசைவோடு எழுப்புவதே ஆண்டாள் காட்டிய வழி என்று கொள்வதில் தவறில்லை. பேரனையோ பேத்தியையோ எழுப்புமுன், முந்தைய நாளே மகளிடமோ மருமகளிடமோ ஒரு சொல் கேட்டுவிட்டால் பாதி மனத்தாங்கல் அகன்றுவிடும்.

இன்னொரு பொருத்தமும் இவ்வாண்டு உண்டு. விடுமுறையின் முதல் நாளான டிசம்பர் 24, மார்கழி ஒன்பதாம் நாள். அன்று ஓதப்பெறுவது அந்த ஒன்பதாம் பாசுரமே. வைகுண்ட ஏகாதசியன்று எழுப்பும் பாசுரங்களின் நிறைவான பதினைந்தாவது வருகிறது. துயிலெழுப்பும் பாசுரங்களுள் ஏழு, குழந்தைகள் அச்சமின்றித் துயிலெழக்கூடிய விடுமுறை நாட்களிலேயே அமைந்துவிட்டன.

பன்னிரண்டு நாட்கள், மூன்று பாசுரங்கள்

விடுமுறைக்குள் முப்பது பாசுரங்களையும் ஒப்பிக்கச் சொல்லுவது குழந்தைக்குப் பாரம். ஒவ்வொரு பாசுரமும் எட்டடிகள் கொண்டது. நாளைக்கு இரண்டடி வீதம் சொல்லிக்கொடுத்தால் நான்கு நாளில் ஒரு பாசுரம். பன்னிரண்டு நாளில் மூன்று பாசுரங்கள் பொருளோடு மனத்தில் தங்கும். ஆண்டுக்கு மூன்று என்று வைத்தாலும், பத்து ஆண்டுகளில் திருப்பாவை முழுவதும் அக்குழந்தையின் சொத்தாகிவிடும்.

சைவ மரபினர் இல்லங்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது பாடல்களிலிருந்து இவ்வாறே தேர்ந்துகொள்ளலாம். திருவாதிரையோடு நிறைவுறும் திருவெம்பாவைப் பத்து நாட்களும் ஏறக்குறைய இந்த விடுமுறையிலேயே வருகின்றன. இரண்டு பாவைப் பாடல்களையும் சேர்த்தே ஓதும் வழக்கம் பரவுவதற்குக் காஞ்சி மகா பெரியவர் பெரிதும் ஊக்கமளித்தார் என்பதையும் நினைவுகூரலாம்.

வைகுண்ட ஏகாதசியும் கூட்டமும்

திருவரங்கத்தில் பகல் பத்து, இராப் பத்து என நடைபெறும் பெருவிழாவின் நடுநாயகமாக, ஏகாதசி அன்று விடியலுக்கு முன் பரமபத வாசல் திறக்கப்படுகிறது. பல வைணவத் தலங்களிலும் அன்று பெருங்கூட்டம் கூடும். சிறு குழந்தையோடு அந்த நெரிசலில் நிற்பது முதியோருக்கும் நல்லதன்று, குழந்தைக்கும் நல்லதன்று. வாசல் திறக்கும் நேரத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, கூட்டம் தணிந்தபின் குழந்தையை அழைத்துச் செல்லலாம். அல்லது வீட்டருகே உள்ள சிறிய பெருமாள் கோயிலைத் தேர்ந்துகொள்ளலாம்.

பெரிய கோயிலுக்கே செல்வதானால் சில முன்னெச்சரிக்கைகள் வேண்டும். பெற்றோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்தல் வேண்டும். தவறிப் பிரிந்தால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதைக் கோயிலுக்குள் நுழையும்போதே கொடிமரத்தையோ வேறோர் அடையாளத்தையோ காட்டிச் சொல்லிவைத்தல் வேண்டும். நகைகளைத் தவிர்த்தல் நலம். தலைக்குக் குளிப்பாட்டினால் நன்கு உலர்த்தி, காதை மூடும்படி ஒரு துணி கட்டி அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஈரக் கல் தளத்தில் வழுக்கும் அபாயம் குழந்தையைவிடப் பெரியவர்களுக்கே அதிகம். குழந்தையின் கையைத் தாத்தா பிடித்துக்கொள்வதோடு, இளையவர் ஒருவர் தாத்தாவின் கையையும் பிடித்துக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு உபவாசம் வேண்டா

ஏகாதசி விரதத்தைக் குழந்தையும் இருக்கட்டும் என்று சில பெரியோர் விரும்புவதுண்டு. சீர்காழிக் குளக்கரையில் தந்தையைக் காணாமல் அழுத ஞானசம்பந்தக் குழந்தைக்கு அம்மை ஞானப்பாலை ஊட்டினாள். பாலுக்கு அழுத உபமன்யு என்னும் சிறுவனுக்குத் தில்லைப் பெருமான் பாற்கடலையே அளித்தான் என்பது மரபு. அழுத குழந்தையைப் பசியோடு இருக்கச் சொல்லித் தெய்வம் சோதித்ததில்லை. விரதம் பெரியவர்களுடையதாக இருக்கட்டும். அவர்களும் மருந்து உட்கொள்வோராயின் மருத்துவரைக் கேட்டே இருக்கட்டும். குழந்தைக்குப் பாலும் பழமும் உணவும் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும்.

உபமன்யுவின் கதையைச் சொன்ன கையோடு சேந்தனாரின் கதைக்கு வந்துவிடலாம். ஏழ்மையில் அவர் படைத்த எளிய களியைக் கூத்தப்பெருமான் விரும்பி ஏற்றார். ஓடாமல் நின்ற தில்லைத் தேர், அவர் பல்லாண்டு பாடியவுடன் நகர்ந்தது என்பர். ஜனவரி 3ஆம் தேதி வீட்டில் திருவாதிரைக் களி கிண்டும்போது இக்கதையைச் சொன்னால், அந்தக் களியின் சுவையோடு கதையும் குழந்தையின் நினைவில் நிற்கும். சிதம்பரம் செல்லும் குடும்பத்தினருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு உதவும். அன்று மாலை புத்தகப் பையையும் சீருடையையும் எடுத்து வைக்க வேண்டும். திங்களன்று மூன்றாம் பருவம் தொடங்குகிறது.

போகியன்று ஒரு சொல்

பழையன கழிப்பது போகி. ஆயினும் டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பது குழந்தைகளின் நுரையீரலையும் முதியோரின் நுரையீரலையும் ஒருங்கே வருத்தும். மூச்சிரைப்பு உள்ள குழந்தையை அன்று விடியற்காலையில் வெளியே அழைத்து வாராதிருப்பது நலம். உடுத்தத்தக்க பழைய ஆடைகளை எரிப்பதைவிட, துவைத்து மடித்துத் தேவைப்படுவோர்க்குக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்வது மேல்.

கூடாரவல்லி சொல்லும் செய்தி

மார்கழி இருபத்தேழாம் நாளான கூடாரவல்லியன்று வைணவ இல்லங்களில் நெய் வழிய அக்காரவடிசில் செய்வார்கள். அந்த நாளுக்குரிய வரலாறு, தம் ஆசை நிறைவேறுமோ என்று கலங்கும் ஒவ்வொரு தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரியது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டாள். அதைத் தன் காலத்தில் அவள் செய்து முடிக்கவில்லை. காலங்கள் பல கடந்தபின் இராமாநுசர் அந்த நேர்த்தியைத் தாமே நிறைவேற்றி, திருவில்லிபுத்தூருக்கு வந்தார். அவரை ஆண்டாள் அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது வைணவர் போற்றும் வரலாறு.

ஒருவர் வேண்டியதை வேறொருவர், வேறொரு காலத்தில் நிறைவேற்றினார். வேண்டியவள் எவரையும் வற்புறுத்தவில்லை. அவளுடைய பாடலை நெஞ்சில் வைத்திருந்த ஒருவர் தாமாகவே முன்வந்தார். இந்த ஆண்டு பேரக் குழந்தை நான்கு நாள் மட்டுமே கோயிலுக்கு வரலாம். மூன்று பாசுரங்கள் மட்டுமே கற்கலாம். அந்த நான்கு நாளும் அழுகையும் அதட்டலும் இல்லாத நாட்களாக இருந்தால், என்றோ ஒரு மார்கழியில் அது தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே அந்தச் சந்நிதிக்கு நடந்து வரும்.