எழுத்து இருந்த இடத்தில் எண்

ஒரு சிறு கணக்கு. −ம² + 2ம + 5 என்பது ஓர் இயற்கணிதக் கோவை. இதில் ம = −3 எனில் கோவையின் மதிப்பு என்ன? மேலே படிக்குமுன் ஒரு தாளில் செய்து பாருங்கள்.

பாடநூலில் எக்ஸ் என்று இருக்கும் இடத்தில் இங்கே 'ம' என்று இருக்கிறதே என வியக்க வேண்டாம். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர், தமது 'பீஜகணித'த்தில் தெரியாத எண்களை 'யா', 'கா', 'நீ' என்று எழுதினார். யாவத்தாவத், காளகம், நீலகம் என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. யாவத்தாவத் என்றால் 'எவ்வளவோ அவ்வளவு'; மற்ற இரண்டும் கறுப்பு, நீலம் என்ற நிறங்களைக் குறிக்கும். தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் இன்றைய வழக்கம், பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது.

நம் கணக்கின் விடை −10. இதே கணக்கை ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தம்பி தங்கையரிடம் கொடுத்துப் பாருங்கள். −5, 2, 8 என்று பலவகை விடைகள் வரக்கூடும். 'கவனக் குறைவு' என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவரே சரியாகச் சொல்லிக் கொடுக்க முடியும்.

அருகருகே எழுதினால் என்ன பொருள்?

முதலில் −5 என்ற விடையைப் பார்ப்போம். இந்த விடையைப் பெற்றவர், 2ம என்பதில் ம இருந்த இடத்தில் −3-ஐ அப்படியே எழுதினார். 2 −3 என்றாயிற்று. அதை −1 என்று கணக்கிட்டார். −9 − 1 + 5 = −5. இதே காரணத்தால்தான், ம = 4 எனில் 3ம எவ்வளவு என்று கேட்டால் சிலர் 34 என்கிறார்கள்.

இதில் மாணவர் மேல் மட்டும் குற்றமில்லை. இரண்டு குறிகளை அருகருகே எழுதுவதற்கு நாம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் கற்பிக்கிறோம். 34 என்றால் மூன்று பத்தும் நான்கு ஒன்றும், இது இடமதிப்பு. 2½ என்றால் இரண்டும் அரையும், இது கூட்டல். 2ம என்றால் இரண்டு மடங்கு ம, இது பெருக்கல். முதல் இரண்டையும் சிறு வகுப்பிலிருந்தே பழகிய மாணவர், மூன்றாவது வந்ததும் தடுமாறுவது இயற்கையே. 'எண்ணும் எழுத்தும் சேர்ந்து நின்றால் இடையில் ஒரு பெருக்கல் குறி மறைந்திருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் இத்தடுமாற்றம் நீங்கும்.

எண் குறியோடு சேர்ந்தே வரும்

அடுத்து 2 என்ற விடை. −9 + 6 + 5 = 2. இங்கே 2 × (−3) என்பது 6 ஆகிவிட்டது. 3 மட்டும் உள்ளே போயிற்று. அதன் குறி வெளியே நின்றுவிட்டது.

−3 என்பது ஒரே எண். குறி அதற்கு மேல் ஒட்டிய அலங்காரமன்று. இதை மறக்காமலிருக்க ஓர் எளிய வழி உண்டு. எண்ணை இடுவதற்கு முன், எழுத்து இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெற்று அடைப்புக்குறியை எழுதிக் கொள்ள வேண்டும்.

−( )² + 2( ) + 5

பிறகு ஒவ்வோர் அடைப்பினுள்ளும் −3-ஐ வைக்க வேண்டும்.

−(−3)² + 2(−3) + 5 = −9 − 6 + 5 = −10

ஒரு வரி கூடுதலாக எழுதும் இந்தப் பழக்கம் மேற்சொன்ன இரு தவறுகளையும் ஒருங்கே தடுத்துவிடுகிறது.

எது முதலில்?

மூன்றாவது விடை 8. இதைப் பெற்றவர் −ம² என்பதை 9 என்று கொண்டார்: 9 − 6 + 5 = 8. 'எந்த எண்ணின் வர்க்கமும் மிகை எண்தானே?' என்பது அவர் வாதம். வாதம் சரியே, ஆனால் இங்கே வர்க்கம் எதற்கு? ம என்பதற்கு மட்டும்தான். முன்னால் நிற்கும் கழித்தல் குறி வர்க்கம் கண்ட பிறகே செயற்படும்.

ஏன் அப்படி? 10 − ம² என்பதை நினைத்துப் பாருங்கள். ம = 3 எனில் இதன் மதிப்பு 10 − 9 = 1. இதையே 10 + (−ம²) என்றும் எழுதலாம். −ம² என்பது 9 என்றால் விடை 19 ஆகிவிடும். ஒரே கோவைக்கு இரண்டு மதிப்புகள் இருக்க முடியாது. எனவே −ம² என்றால் −(ம²) என்றே கொள்கிறோம். அடைப்புக்குறி முதலில், அடுத்து அடுக்கு, பின்பு பெருக்கலும் வகுத்தலும், கடைசியாகக் கூட்டலும் கழித்தலும் என்ற வரிசை, எழுதுபவரும் படிப்பவரும் ஒரே பொருள் கொள்வதற்காக ஏற்பட்ட உடன்பாடு.

உடன்பாடு மாறினால் விடையும் மாறும். இன்று கணிப்பொறியில் இதை நேரிலேயே காணலாம். எக்செல் அட்டவணையில் =-3^2 என்று தட்டினால் 9 என்று காட்டும். பைத்தான் மொழியில் -3**2 என்று தட்டினால் −9 என்று காட்டும். இரண்டும் பழுதான கருவிகள் அல்ல. அவற்றை உருவாக்கியவர்கள் இருவேறு விதிகளைக் கைக்கொண்டார்கள். ஆகவே கருவி தரும் விடையை நம்புமுன், நாம் எதைக் கேட்டோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐயம் வரும் இடத்தில் அடைப்புக்குறி இட்டுவிட்டால் எந்தக் கருவியும் நம்மை ஏமாற்றாது.

மதிப்பு காண்பது ஒரு சோதனை

மதிப்பு காண்பதன் பயன் தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. நாம் செய்த இயற்கணிதம் சரியா என்று நாமே சோதிக்க அது உதவும். (ப + ம)² = ப² + ம² என்று ஒருவர் எழுதிவிட்டார் என்று கொள்வோம். ப = 3, ம = 5 என்று இடுங்கள். இடப்பக்கம் 64, வலப்பக்கம் 34. தவறு உடனே வெளிப்பட்டுவிட்டது. பொய்யைக் காட்டிக் கொடுக்க ஓர் எண் போதும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். 0, 1, 2 ஆகியவை நல்ல சாட்சிகள் அல்ல. ம = 2 எனில் ம², 2ம, ம + 2 ஆகிய மூன்றுமே 4 ஆகும்; மூன்றும் ஒன்றே என்று மயங்க நேரிடும்.

பல எண்களுக்குப் பொருந்தினால் உண்மை என்று கொள்ளலாமா? 1772-இல் ஆய்லர் என்ற கணித மேதை ம² − ம + 41 என்ற கோவையின் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். ம-க்கு 1, 2, 3, 4, 5 என்று இட்டால் 41, 43, 47, 53, 61 கிடைக்கின்றன. எல்லாம் பகா எண்கள். 40 வரை இட்டாலும் பகா எண்ணே வரும். ஆனால் ம = 41 என்று இட்டால் 41² − 41 + 41, அதாவது 41 × 41. இது பகா எண்ணன்று. நாற்பது சாட்சிகள் ஒன்றுபோல் சொன்னதை நாற்பத்தொன்றாவது சாட்சி மறுத்துவிட்டது.

இரண்டு கோவைகள் சமமா என்ற கேள்வியில் மட்டும் நமக்கு ஒரு சலுகை உண்டு. ஒரே மாறியில் அமைந்த இரண்டு இருபடிக் கோவைகள், மூன்று வெவ்வேறு மதிப்புகளில் ஒத்திருந்தால் எல்லா மதிப்புகளிலும் ஒத்திருக்கும். ஏனெனில் அவற்றின் வேறுபாட்டுக்கு மூன்று மூலங்கள் இருந்தாக வேண்டும். பூச்சியம் அல்லாத இருபடிக் கோவைக்கு இரண்டு மூலங்களுக்கு மேல் கிடையாது. எனவே இங்கே மூன்று எண்களை இட்டுப் பார்ப்பது முழுமையான நிரூபணமே ஆகும்.

செய்து பாருங்கள்

1. ம = −2 எனில் ம³ − 2ம² + 4 இன் மதிப்பு என்ன?

2. செல்சியஸ் அளவை (செ) பாரன்ஹீட் அளவாக (பா) மாற்றும் சூத்திரம்: பா = 9செ/5 + 32. செ = −40 எனில் பா எவ்வளவு? விடையில் ஏதேனும் விந்தை தெரிகிறதா?

3. (ம − 3)², ம² − 9 ஆகிய இரண்டும் ஒன்றா? ம = 3 என்றும், ம = 5 என்றும் இட்டுச் சோதியுங்கள்.

விடைகள்: 1. −12. 2. −40, அந்த ஒரு வெப்பநிலையில் மட்டும் இரு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும். 3. ஒன்றல்ல; ம = 3 எனில் இரண்டும் 0, ஆனால் ம = 5 எனில் ஒன்று 4, மற்றது 16.