கூலன்ட் குறைகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்!

மாருதி டீசல் கார்களை நிறுத்தியது 2020 ஏப்ரலில், பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தபோது. ஆக, இன்று சாலையில் ஓடும் டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே வயதான வண்டிகள்தான். பழைய இண்டிகா, பொலேரோ, இன்னோவா ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றை வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரே புகார்: “கீழே ஒரு சொட்டுகூட ஒழுகல சார், ஆனா வாராவாரம் கூலன்ட் குறையுது!”

‘பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும்’ என்று பைப் தண்ணீரை ஊற்றி ஓட்டுபவர்கள் ஒரு பக்கம். ‘ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு’ என்று பட்டறையில் சொன்னதும் பெரும் பணத்தை எடுத்து வைப்பவர்கள் மறுபக்கம். இரண்டுமே அவசர முடிவுகள். கூலன்ட் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. அந்த வழியை வெளியிலிருந்து உள்ளே, சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்கு என்ற வரிசையில் தேடினால் பணமும் மிஞ்சும், இன்ஜினும் பிழைக்கும்.

முதலில் அளவு

சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறும். அதனால் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டேங்கில் கூலன்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு, மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயம்.

அடுத்தது ரேடியேட்டர் அல்லது கூலன்ட் டேங்கின் மூடி. பிரஷர் குக்கரைப் போல, கூலன்ட் பாதைக்குள் சுமார் 1 பார் அழுத்தத்தை இந்த மூடிதான் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், கூலன்ட் ஆவியாகவே போய்விடும். தரையில் தடம் இருக்காது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. ஆனால், சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

காய்ந்த கறையைத் தேடுங்கள்

மூடி சரியென்றால் பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீட்டர் முள் இறங்கினால் கசிவு உறுதி. ஓடும்போது சூட்டில் உலர்ந்துவிடும் சொட்டு, இன்ஜின் குளிர்ந்திருக்கும் இந்தச் சோதனையில் கண்ணில் படும்.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் வாட்டர் பம்ப். அதன் உடலில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியே கசிந்து, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, வெள்ளைப் பொருக்காகவோ காய்ந்து ஒட்டியிருக்கும். ஹோஸ் கிளிப்புகளிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களிலும் இதே கறையைத் தேடுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரையும் மறக்கக் கூடாது. முன்சீட்டுக் கார்ப்பெட் ஈரமாக இருந்தாலோ, காருக்குள் தித்திப்பான வாடை அடித்தாலோ, கசிவு அங்கே இருக்கலாம்.

உள்ளே போகும் கூலன்ட்

வெளியே எதுவும் சிக்கவில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் மூன்று இடங்களைச் சந்தேகிக்கலாம். ஆயில் கூலர் உடைந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து, பால் டீ நிறத்தில் குழம்பும். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் கூலர் கசிந்தால் கூலன்ட் புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியே வெளியேறும். ஆயில் சுத்தமாகவே இருக்கும். ஹெட் கேஸ்கெட்தான் குற்றவாளி என்று பலர் தவறாக முடிவுகட்டுவது இங்கேதான்.

இஜிஆர் கூலர் கசிவைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2018-ல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. இஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், அங்கே படிந்திருந்த கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து பற்றிக்கொண்டது என்று நிறுவனமே விளக்கியது. அதே ஆண்டு உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

மூன்றாவது இடம், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட். அதற்குத் தனி அடையாளம் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடங்களில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டர் வாயு உள்ளே நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். கூலன்ட்டிலிருந்து எழும் வாயுவை ஒரு நீலத் திரவம் வழியே இழுத்துப் பார்க்கும் பிளாக் டெஸ்ட் அதை உறுதிசெய்யும்: சிலிண்டர் வாயு கலந்திருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசல் இன்ஜின் ஐடிலில் அதிகக் காற்றை இழுப்பதால் சிலிண்டர் வாயு நீர்த்துப்போய் நிறம் மாறாமல் போகலாம்; அதனால் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து சோதிப்பதே நல்லது.

காரணம் தெரியும்வரை போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைக்கும். கசிவை அடைக்கப் பட்டறைகளில் போடும் மஞ்சள்தூளும் வீடு சேரும்வரைதான். அது மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கூலன்ட் தித்திக்கும் விஷம் என்பதால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

“ஹெட்டை இறக்கிடலாம் சார்” என்று மெக்கானிக் சொன்னால், பிரஷர் டெஸ்ட் செய்தாரா, பிளாக் டெஸ்ட்டில் நிறம் மாறியதா, இஜிஆர் கூலரைத் தனியே சோதித்தாரா என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஸ்பேனரை எடுக்கட்டும்.