முத்திரையின் முதுகில் ஒரு துணி

பூச்சு இறுகும் முன்பே அவசரப்பட்டு ஈரச்சாக்கைப் போட்டுவிட்டால், சாக்கின் பின்னல் அப்படியே சிமென்ட்டில் பதிந்துவிடும். கொத்தனாருக்குத் திட்டு விழும். சாக்கு மக்கி மண்ணான பிறகும் அந்தத் தடம் போகாது. பழங்காலத் துணியைத் தொல்லியலாளர்கள் தேடுவது இப்படிப்பட்ட தடங்களில்தான்.

பருத்தியோ நாரோ கோரையோ ஈரமண்ணில் நெடுங்காலம் தாங்காது. சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் ஒரு பருத்தித் துணுக்கு தப்பியது, வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக் கிடந்த புண்ணியத்தால்.

அதே நாகரிகத்தைச் சேர்ந்த, குஜராத்தின் லோத்தலில் வேறு கதை. 1950-களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் எஸ்.ஆர்.ராவ் தலைமையில் தோண்டியபோது, ஒரு கிடங்கில் அறுபதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. சரக்கு மூட்டையைக் கட்டி, கட்டின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, முத்திரை குத்தியிருக்கிறார்கள். இந்தக் காலத்து அரக்கு முத்திரை மாதிரி. முன்பக்கம் விலங்கும் எழுத்தும். பின்பக்கம் மூட்டையின் துணி, பாய், கயிறு ஆகியவற்றின் அச்சு. கிடங்கில் தீப்பிடித்ததால் களிமண் சுட்டு இறுகிவிட்டது. வணிகனுக்கு நட்டம், நமக்கு லாபம். முன்பக்க எழுத்தை இன்னும் யாராலும் ஐயமறப் படிக்க முடியவில்லை. பின்பக்கத்தைப் படிக்க நெசவு தெரிந்தால் போதும்.

தடத்தில் இழை இருந்த இடம் பள்ளமாக இருக்கும். அதில் சிலிக்கோன் ரப்பரையோ களிமண்ணையோ அழுத்தி எடுத்தால் துணி மேடாக எழுந்து வரும். அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் 1880-களிலேயே பானை ஓடுகளிலிருந்து இப்படி அச்செடுத்தார். பிறகு சென்டிமீட்டருக்கு எத்தனை பாவு (நீள இழை), எத்தனை ஊடை (குறுக்கு இழை) என்று எண்ணலாம். நூல் எவ்வளவு மெல்லியது என்று அளக்கலாம். முறுக்கில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. இடமுறுக்கு நூல் தடத்தில் வலமுறுக்காகத் தெரியும்.

இந்த வழியில் கிடைத்த பெரிய ஆச்சரியம் செக் நாட்டின் மொராவியாவில் இருக்கிறது. பாவ்லோவ், டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இரு பனியுகக் குடியிருப்புகளில் கிடைத்த சுட்ட மண் துணுக்குகளை, 1990-களில் ஓல்கா சோஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் ஆராய்ந்தார்கள். கயிறு, கூடைப் பின்னல், வலை முடிச்சு, இரட்டை ஊடையை முறுக்கி முறுக்கிப் பாவில் கோத்த துணி என எல்லாம் அவற்றில் பதிந்திருந்தன. வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். உழவுக்கு வெகு முன்பே துணி வந்துவிட்டது! தோலைப் போர்த்திக்கொண்டு ஈட்டியோடு மாமூத்தைத் துரத்தும் ஆண்களாகவே அந்தக் காலத்தை நாம் வரைந்து வந்தோம். ஈட்டி முனை கல், அதனால் மிஞ்சியது. வலையும் துணியும் மிஞ்சவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம், தமிழ்நாட்டின் கீழடியில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்திருக்கின்றன; அந்த நூலில் நெய்த துணியின் தடமும் எங்காவது இருக்கலாம். நம் அகழாய்வுக் குழிகளில் உருவமற்ற சுட்ட மண் கட்டி கிடைத்தால், ஒதுக்கும் முன் ஒருமுறை சாய்ந்த வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள்.