வெள்ளாற்று முகத்தில் வளர்ந்த மரக்கல மரபு

கடலில் மிதந்து செல்லும் மரக்கலத்தை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அந்த அத்தாட்சியோடு நாள்தோறும் பழகி, அதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் நம் சோழமண்டலக் கரையில் இருந்தனர். அவர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் இன்று எத்தனை பேர் அறிவர்?

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. ஐரோப்பியர் இதைப் புதிய துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். இதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், உப்பங்கழிகள் பின்னிக் கிடக்கும் பிச்சாவரம் காடு விரிகிறது. சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அங்கே உவர்நீரில் வேரூன்றி நிற்கின்றன. ஆறும் காடும் கடலும் கைகோத்த இந்நிலமே ஒரு வணிக மரபின் தொட்டிலாயிற்று.

மரக்காயர் என்னும் பெயரை மரக்கலம் என்னும் சொல்லோடு இணைத்துக் கூறுவது வழக்கம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இக்கரையின் முஸ்லிம் வணிகர்கள் துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா முதலிய துறைகளுக்குச் சென்றனர். திரும்பும்போது ஈயமும் பாக்கும் யானைகளும் கொணர்ந்தனர். சின்ன காஞ்சிபுரம் போன்ற நெசவூர்களில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நெய்யும் கை மட்டும் போதாது. நெய்ததை நேர்மையாகக் கொண்டு விற்கும் கையும் வேண்டும். கடல் வணிகத்தில் இது இன்னும் பெரிய உண்மை. கரையில் இருப்பவர் தம் பொருளை நகுதா எனப்படும் கப்பல் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, பருவக்காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடையில் எந்தச் செய்தியும் வராது. அமானிதம் பேணும் பண்பு இல்லையேல் அந்த வணிகம் ஒரு பருவம்கூட நிலைத்திராது.

அப்பண்பின் அடையாளத்தை மலேசியாவின் பினாங்கில் இன்றும் காணலாம். அங்கே 1801ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வரலாற்றில் முதன்மை பெறும் காதர் முகைதீன் மரக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவரே. தமிழ் முஸ்லிம்களை மலாய் நாட்டார் சூலியர் என்றழைத்தனர். அப்பெயரில் அந்நகரில் ஒரு தெருவும் உள்ளது.

காலம் மாறியது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் பரங்கிப்பேட்டை அருகே மோதின. பின்னர் கம்பெனியின் ஆதிக்கமும் நீராவிக் கப்பல்களும் பாய்மரத்தின் இடத்தைப் பறித்தன. 1830ஆம் ஆண்டையொட்டி இங்கு எழுந்த இரும்பு உருக்காலையோ மரக்கரியை எரித்தே இயங்கியது.

கடற்கரைக் காடும் துன்புற்றது. பிச்சாவரத்தில் மரங்கள் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு மிகுந்ததால் கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் மக்களின் துணையோடு மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதம் ஏறி இறங்கும் நீர் உப்பைக் கழுவிச் செல்லவே, பசுமை மீண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாயிருந்தது. 2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

சகோதர சகோதரிகளே! நம் முன்னோர் பிறர் பொருளை அமானிதமாகக் காத்ததால் கடல் கடந்து மதிப்புப் பெற்றனர். ஆறும் காடும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள் அல்லவா? காட்டை வெட்டியதும் மனிதக் கையே. கால்வாய் வெட்டி அதைக் காத்ததும் மனிதக் கையே. பழைய வீடுகளின் பெட்டிகளில் உறங்கும் கணக்கேடுகளையும் கடிதங்களையும் கரையானுக்கு இரையாக்காதீர்கள். அவற்றைப் படித்துப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். விடுமுறை நாளில் அவர்களை வெள்ளாற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்நீரில் இறங்கிச் சென்ற கப்பல்களின் கதையை அவர்கள் உங்கள் வாயிலாகவே முதலில் கேட்கட்டும்.