ஆற்றங்கரை விசுவாசம் – 11: பிடி அரிசி

சென்ற வாரம் ஏமி கார்மைக்கேலின் டோனாவூரில் இருந்தோம். இந்த வாரம் தாமிரபரணிக் கரைக்கு, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்துக்கு வாருங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றிரவு திருச்செந்தூரில் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், நாசரேத்தையும் ஆழ்வார்திருநகரியையும் தாண்டி வந்து ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மேற்கே செய்துங்கநல்லூர் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியில் சுமார் 800 பேர். 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்குள் சாலையும் மூழ்கிவிட, மற்றவர்கள் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள்.

பக்கத்து ஊர் புதுக்குடி. அங்கேயும் வெள்ளம்தான். அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்துவந்து, அம்மன் கோயிலில் அடுப்பு மூட்டிப் பொங்கிப் போட்டார்கள். மீட்புப் படை வந்து, 19ஆம் தேதி பயணிகள் வாஞ்சி மணியாச்சிக்குப் போய்ச் சென்னைக்குச் சிறப்பு ரயில் ஏறும்வரை அவர்களுக்குத் துணை அந்த ஊர்தான்.

செய்தியைக் கேட்டதும் எனக்கு ஆச்சியின் கலயம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். குறுணை கலந்த ரேஷன் அரிசியானாலும் ஆச்சி அந்தப் பிடியைத் தவறவிட்டதில்லை.

ஆனால் ஆச்சி எடுத்தது, அளந்த அரிசியில் ஒரு பிடி. புதுக்குடியில் கொடுத்தவர்களுக்கு நாளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்றே தெரியாது. வேதத்தில் சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மிச்சம் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். பஞ்ச காலத்தில் அதைப் பிசைந்து முதலில் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தாள். அவள் இஸ்ரவேல்காரி அல்ல, சீதோன் நாட்டுக்காரி. இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவள் பேரை எடுத்தபோது, சொந்த ஊர்க்காரர்களுக்கே கோபம் வந்து அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். தேவனுடைய தீர்க்கதரிசி அடுத்தவர் கையில் வாங்கிச் சாப்பிட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பிரசங்கங்களில் எப்போதும் கொடுக்கிறவர்களாகவே நாம் உட்கார்ந்திருக்கிறோம். வாங்குகிற இடத்திலும் விசுவாசி ஒருநாள் உட்கார வேண்டும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஆச்சியோடு எங்கள் வீட்டுக் கலயமும் போய்விட்டது. காணிக்கைக் கவரில் பணம் வைத்துப் பழகிவிட்டோம். அந்த மார்கழிக்குப் பிறகு என் மனைவி அரிசி டிரம் பக்கத்தில் ஒரு தூக்குவாளியை வைத்தாள். முதல்முறை அது நிறைந்தபோது, வெள்ளத்தில் சுவர் இடிந்த ஒரு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். தார்ப்பாய்க்குக் கீழே முருகன் படம், பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. வாளியை வாங்கி உள்ளே வைத்த அந்த அக்கா எங்களை விடவில்லை.

"இருங்க, காப்பி போடுதேன். குடிச்சிட்டுத்தான் போவணும்."

உட்கார்ந்தோம்.

(அடுத்த வாரம்: நாசரேத்)