ஆழ்நீரில் இயற்கை உபாதை

குளத்திலோ கடலிலோ இறங்கிக் கழுத்தளவு நீரில் சிறிது நேரம் நின்றவர் எவரும் இதை அறிவர். கரையில் நின்றபோது தோன்றாத சிறுநீர் உந்துதல், நீரில் இறங்கியபின் தோன்றிவிடுகிறது. குளிரே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். குளிரும் ஒரு காரணந்தான். ஆயினும் அது மட்டுமன்று. இளஞ்சூடான நீரில் நின்றாலும் இவ்வாறே நிகழும்.

நாம் தரையில் நிற்கையில் குருதியின் ஒரு பகுதி கால்களிலுள்ள நாளங்களில் தங்கி நிற்கிறது. நீரில் இறங்கியதும் நீரின் அமுக்கம் கால்களையும் வயிற்றையும் சூழ்ந்து அழுத்த, அக்குருதி மேலேறி நெஞ்சறையைச் சேருகிறது. இவ்வாறு கூடுதலாகச் சேரும் குருதி ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் எனக் கணித்துள்ளனர். இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டதென்று இதயம் பிழையாகப் பொருள்கொண்டு, மிகுதியை வெளியேற்றும்படி சிறுநீரகங்களுக்கு ஓர் ஓமோன் மூலம் ஆணையிடுகிறது. எலிகளின் இதய மேலறைகளிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றியபோது அவை மிகுதியாகச் சிறுநீர் கழித்ததை 1981 ஆம் ஆண்டில் கனடாவில் அடோல்ஃபோ டி போல்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டனர். குருதியை இறைக்கும் பம்பு என்று மட்டுமே கருதப்பட்டு வந்த இதயம் ஓமோன் சுரக்கும் உறுப்புமாகும் என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று.

குளிப்பவருக்கு இது பெரிய காரியமன்று, கரையேறிவிடலாம். குளிர்நீரில் மூழ்கும் சுழியோடியின் நிலையோ வேறு. ஐஸ்லாந்து நாட்டிலே சில்ஃப்ரா என்றொரு நீர்ப்பிளவு உண்டு. பனிமலையுருகி எரிமலைப் பாறைகளினூடே வடிந்துவரும் அந்நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் அதன் வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியஸ்தான். நீரோ காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் அங்கே இறங்குவோர் உலர் உடை அணிகின்றனர். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டிகள், நீர் புகாத ஸிப்பு, உள்ளே கம்பளிபோன்ற தடித்த ஆடை, அவ்வாடையைச் சூழ ஒரு காற்றுப்படை என்பன அதன் அமைப்பு. நுரை இறப்பரால் ஆன ஈர உடையை அணிந்தவர் உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டுப் பின்னர் கழுவிக்கொள்வார். இதை வெளியே சொல்வோர் குறைவு, செய்வோர் அதிகம். உலர் உடைக்குள் அவ்வாறு செய்தால் உள்ளாடை நனைந்து, வெப்பம் காக்கும் ஆற்றலை இழக்கும். நடுக்கம் தொடங்கிவிடும்.

உடை உலர்ந்ததாயினும் நீரின் அமுக்கத்தை அது தடுப்பதில்லை. ஆகவே மேற்சொன்ன குருதிப்பெயர்ச்சி நிகழ்ந்தே தீரும். குளிரினால் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்க, மேலும் குருதி உள்ளே தள்ளப்படும். சிறுநீரை மிகுதியாகச் சுரக்கவும் செய்து, கழிக்க வழியுமின்றி வைத்திருப்பது இந்த உடையின் விந்தை.

இச்சங்கடம் சுழியோடிகளுக்கு மட்டும் உரியதன்று. 1961 மே 5 ஆம் நாள் அமெரிக்கரான அலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் புறப்படக் காத்திருந்தார். பயணம் 15 நிமிடமே என்பதால் எவரும் இதற்கு ஏற்பாடு செய்யவில்லை. புறப்பாடு மணிக்கணக்கில் தாமதிக்க, உடலில் பொருத்திய கருவிகளின் மின்சாரத்தை நிறுத்தச்செய்து, அனுமதி பெற்று, உடைக்குள்ளேயே கழித்தார். விண்ணைத் தொடுவதற்கு எத்தனையோ கணக்குப் போட்டவர்கள் சலப்பையைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்!

சுழியோடிகளோ நெடுங்காலம் வேறொரு கணக்குப் போட்டுவந்தனர்: காலையிலிருந்து நீர் அருந்தாமல் இருந்துவிட்டால் உபாதையும் இராதன்றோ? இதுவே எல்லாவற்றிலும் கெட்ட உபாயம். நீரில் மூழ்கிய உடல், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீரை வெளியேற்றவே செய்யும். வரட்சியோடு இறங்கியவர் மேலும் வரண்டு மேலேறுவார். ஆழத்தில் சுவாசித்த வாயு குருதியிலும் இழையங்களிலும் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறின் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி முதல் பாரிசவாதம் வரை விளைவிக்கும். இந்நோய்க்கு இடங்கொடுக்கும் நிலைமைகளுள் உடல்வரட்சியையும் சுழியோடல் வைத்தியர்கள் எண்ணுகின்றனர். ஆகவே கூச்சத்தினால் தாகத்தை அடக்குவது அறிவுடைமையாகாது.

இனி வழிகளைப் பார்ப்போம். எளியது அணையாடை. முதியோருக்கென விற்கப்படும் அதனை ஆடவரும் பெண்டிரும் அணியலாம். ஒரு தடவைக்குப் போதும், பலமுறைக்குப் போதாது. உடை கவட்டில் இறுகும்போது உறிஞ்சிய நீர் பிழிந்து வெளிவரவும் கூடும்.

நெடுநேரம் மூழ்குவோர் தொடையருகே உடையில் ஒரு சிறு வால்வைப் பொருத்துகின்றனர். ஆடவர், படுக்கையிலிருக்கும் நோயாளருக்கு வைத்தியசாலையில் அணிவிப்பது போன்ற ஒரு மெல்லிய உறையை அணிந்து, அதிலிருந்து ஒரு குழாயை வால்வுக்கு இணைப்பர். பெண்டிருக்கெனத் தோலில் பசையால் ஒட்டும் கிண்ணவடிவக் கருவிகள் பிற்காலத்தில் வந்துள்ளன. ஒட்டும் இடத்து உரோமத்தை முன்கூட்டியே களையாவிடில் அவை கசியும். உறையின் அளவும் முக்கியம். பெரிதாயின் கழன்றுவிடும், சிறிதாயின் இறுக்கி வருத்தும். தற்பெருமையால் பெரிய அளவைத் தேர்ந்து நனைந்தவர் கதைகள் சுழியோடிகளிடையே ஏராளம்.

குழாய்க்குள் இருக்கும் காற்றே கவனிக்கவேண்டிய எதிரி. கீழே செல்லச்செல்ல அக்காற்று சுருங்கி, உறைக்குள் உறிஞ்சல் ஏற்பட்டுக் கடுமையாக நோகும். இதனைத் தவிர்க்க, உடையின் உட்காற்றோடு குழாயின் அமுக்கத்தைச் சமன்செய்யும் வால்வுகள் உள்ளன. அவ்வசதியில்லாதவர் இறங்கத் தொடங்கியதும் சிறிது கழித்துக் குழாயை நிரப்பிக்கொள்வர்; நீர்மம் காற்றைப்போல் சுருங்குவதில்லை. திறந்து மூடும் வால்வாயின் திறக்க மறத்தலும், குழாய் மடிந்திருத்தலும் உறையைப் பிடுங்கி எறிந்துவிடும்.

சுத்தம் இன்னொன்று. ஈரக் குழாயில் கிருமிகள் வளரும். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைச் சேர்ந்த மயக்கமருந்து வைத்தியர் றிச்சர்ட் ஹரிஸ், இவ்வால்வினால் சிறுநீர் வழியில் தொற்றும் அமுக்கக் காயமும் உண்டான நிகழ்ச்சிகளை 2009 இல் ஒரு வைத்திய இதழில் எழுதினார். 2018 இல் தாய்லாந்துக் குகையில் அகப்பட்ட 12 சிறுவரையும் அவர்தம் பயிற்சியாளரையும் உணர்விழக்கச் செய்து நீருக்கடியால் வெளிக்கொணர உதவியவரும் இவரே. ஒவ்வொரு முறையும் குழாயையும் வால்வையும் கிருமிநாசினியால் கழுவி, நன்னீரில் அலசி, முற்றாக உலர்த்தவேண்டும். காய்ச்சலோ எரிவோ தோன்றின் வைத்தியரிடம் நடந்ததை மறைக்கலாகாது.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்போர், 2007 டிசம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவிலே ஜரட் ஜப்லொன்ஸ்கியும் கேசி மக்கின்லியும் செய்த பயணத்தை நினைக்கலாம். டேர்ணர் சிங் என்னும் குழியில் இறங்கி, நிலத்தடிக் குகைகளினூடே ஏறக்குறைய 11 கிலோமீற்றர் கடந்து வக்குல்லா ஊற்றில் அவர்கள் வெளிப்பட்டனர். கடக்க எடுத்தது ஏறத்தாழ 7 மணித்தியாலம். பின்னர் கரைந்த வாயு மெல்ல வெளியேறும்பொருட்டு மேலும் 14 மணித்தியாலம் நீருக்குள்ளேயே படிப்படியாகக் காத்திருந்தனர். இத்தகைய பயணத்தில் இந்தச் சிறு வால்வு விளக்குக்கு நிகரான அவசியப்பொருள்.

ஆயினும் எல்லாம் சரியாகப் பூட்டியபின்னும் புதியவர்க்கு ஒரு தடை எஞ்சும். ஆடையை நனைக்கலாகாது என்று குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய மனம், சலப்பை நிறைந்து துடித்தாலும் இணங்க மறுக்கும். குப்புற மிதக்கும் நிலையில் இன்னும் கடினம். இதனால் அனுபவசாலிகள் புதியவரை முதலில் வீட்டுக் குளியலறையிலே உறையையும் குழாயையும் அணிந்து, நின்றும் இருந்தும் குப்புறப் படுத்தும் பழகச் சொல்கின்றனர். உறை கசிந்தாலும் அங்கே நனைவது தரை மட்டுமே.